யூ என்றால் நீங்கள்

"இனிமே எங்கம்மாவை 'வாங்க, போங்க'ன்னு கூப்பிடுங்க மேடம்."

கேட்டுவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்துக்கு ஒரு ராத்திரிதான் ஆயுசு.

மேடம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"என்னடி, காய்ச்சலா?"

"இல்ல மேடம்."

"அவ ஏதாவது சொல்லி அனுப்பினாளா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

மேடம் இந்த ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் தலைவி. அறைகள், மெத்தை விரிப்புகள், துண்டுகள், குளியலறைகள், அவற்றைத் துடைக்கும் பெண்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பெண்கள் முன்னால் மேடம் என்பார்கள், பின்னால் சைரன் என்பார்கள். ஆள் கீழ் மாடியில் இருக்கும்போதே குரல் மேல் மாடிக்கு வந்து சேர்ந்துவிடும். "ஏய், எவடி அங்க?" என்று கேட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவள் வாயில் இருப்பதை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்து நிற்பாள்.

அந்தப் பெண்களில் மூத்தவள் என் அம்மா. மேடத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவள். மேடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவை "அக்கா, வாங்கக்கா" என்றுதான் கூப்பிட்டாராம். சூப்பர்வைசர் ஆனதும் "வாங்க" போய் "வாக்கா" ஆயிற்று. நாற்காலியும் அறையும் கிடைத்ததும் அந்த அக்காவும் கழன்றுகொண்டது. மிச்சம் "ஏய், வா". இதை அம்மாவே சிரித்துக்கொண்டே சொல்வாள், யாரோ ஒருத்தி உடம்பு இளைத்த கதையைச் சொல்வதுபோல.

மேடம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது மேடம்தான். கல்லூரியில் சேரும்போது எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் பரம்பரையிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்றவரும் இவர்தான். எம்.ஏ. முடித்ததும் "நம்ம வீட்டுப் பொண்ணு, இங்கிலீஷ் கரைச்சுக் குடிச்சிருக்கா" என்று மேலாளரிடம் சண்டை போட்டு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தார்.

ஹோட்டலில் ஆங்கிலத்தில் இருக்கும் எல்லா அறிவிப்புகளையும் தமிழில் கொண்டுவருவதுதான் என் வேலை. தங்க வருகிறவர்களுக்கான பலகைகள் ஒரு பக்கம். வேலை செய்கிற பெண்களுக்கான பலகைகளும் பயிற்சிப் புத்தகமும் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். நானும் இரண்டுக்கும் ஒரே 'நீங்கள்' போட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. துவைத்த விரிப்புகளை அடுக்கி வைக்கும் லினன் ரூம் வாசலில் முதல் பலகை மாட்டினோம். 'செருப்பை வெளியே கழற்றி வையுங்கள்.' அன்றைக்கு நல்ல மழை. சாயங்காலம் பார்த்தால் உள்ளே தரை முழுக்கச் சேறு. வெள்ளை விரிப்பு ஒன்றின்மேல் இரண்டு கால் தடம், அச்சடித்த மாதிரி. மேடம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"இவ்வளவு பெருசா பலகை தொங்குதே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

மூத்தவள் என்பதால் அம்மா முன்னே வந்தாள்.

"அது நமக்குன்னு நினைக்கல மேடம். 'வையுங்கள்'னு மரியாதையா போட்டிருந்துச்சா... தங்க வந்தவங்களுக்காக்கும்னு விட்டுட்டோம்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அத்தனை பேரும் அந்தப் பலகையைப் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்க வந்தவர் எவரும் எட்டிக்கூடப் பார்க்காத அறை அது.

மேடத்துக்கு அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்ததும் வரிசையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மா. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பயிற்சிப் புத்தகம் என் மேசைக்குத் திரும்பி வந்தது. 'கதவைத் தட்டுங்கள்' என்பதில் 'ங்கள்' மேல் சிவப்புக் கோடு, 'கையுறை அணியுங்கள்' என்பதில் கோடு, பக்கம் பக்கமாக 'ங்கள்'களுக்கெல்லாம் கழுத்தறுப்பு. தட்டு. அணி. துடை. நாளைக்கே அச்சுக்குப் போக வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. அன்று ராத்திரி வீட்டில் குதித்தேன், அம்மா சத்தியம் வாங்கினாள். காலையில் மேடத்தின் அறைக்குள் நின்றேன்.

"உக்காரு," என்றார் மேடம். "புத்தகத்துல கோடு போட்டதுக்கா இவ்வளவு கோவம்? நீயே பார்த்தியே. மரியாதையா எழுதினா நம்ம ஆளுங்களுக்கு அது நமக்குன்னே தெரியல. நான் என்ன பண்ணட்டும்?"

"மேடம், 'யூ'ன்னா என்ன?"

"நீ."

"தப்பு. நீங்க."

"இங்கிலீஷ்ல ஏதுடி நீங்க? அவனுங்களுக்கு மரியாதையே கிடையாது. பெத்த அப்பனையும் யூம்பான், தெருவுல போறவனையும் யூம்பான்."

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம். நானும் நினைத்தேன், கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு என்ற பாடம் வரும்வரை. பாதி வகுப்பு தூங்கிய அந்தப் பாடத்தில் நான் மட்டும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"அவங்களுக்கும் ரெண்டு இருந்துச்சு மேடம். 'தௌ'ன்னு ஒண்ணு, அதுதான் நீ. 'யூ' பல பேரைச் சொல்றது. அதுவும் ஆரம்பத்துல வெறும் 'உங்களை'தான், 'நீங்க'ங்கிறதுக்கு 'யீ'ன்னு வேற சொல்லு இருந்துச்சு. அப்புறம் பெரிய மனுஷங்களை, ஒத்த ஆளா இருந்தாலும் பல பேர் மாதிரி பாவிச்சுக் கூப்பிடுற பழக்கம் வந்துச்சு. அரசனுக்கு யூ. முதலாளிக்கு யூ. வேலைக்காரனுக்கு தௌ, பிள்ளைக்கு தௌ, காதலிக்கு தௌ, கடவுளுக்கும் தௌ."

"நம்மள மாதிரியே சொல்லு."

"அப்படியே நம்மள மாதிரி. ஒரு சமயக் கூட்டத்துக்காரங்க, மனுஷன்ல என்னடா ஒசத்தி தாழ்த்தின்னு, எல்லாரையும் தௌன்னே கூப்பிட்டு உதைகூட வாங்கினாங்க. ஆனா கடைசியில ஜெயிச்சது அவங்க இல்ல. எதிர்ல நிக்கிறவன் பெரியவனா சின்னவனான்னு தெரியாத எடத்துல, எதுக்கு வம்புன்னு எல்லாரும் யூன்னே சொல்ல ஆரம்பிச்சாங்க. சொல்லிச் சொல்லி, தௌ ஜெபத்துலயும் எங்கயோ சில கிராமத்துப் பேச்சுலயும் போய் ஒளிஞ்சுகிச்சு. செத்தது 'நீ'தான் மேடம். உயிரோட இருக்கிறது 'நீங்க'."

மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"அப்ப இங்கிலீஷ்காரன் பொண்டாட்டியையும் நீங்கன்னுதான் கூப்பிடுறானா?"

"ஆமா."

"நாயை?"

"நாயையும்தான்."

"அடப்பாவமே! 'நீங்க கொஞ்சம் குரைக்காம இருங்க'ங்கிறானா!" மேடம் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்து என் கோபத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அவரிடம் எனக்கு இதுதான் தொல்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் சட்டென்று கேட்டார். "சரி, நீ உங்கம்மாவை எப்படிடி கூப்பிடுற?"

"நீன்னுதான்."

"பார்த்தியா? நீன்னா மரியாதை இல்லைன்னு யார் சொன்னா? உரிமை இருக்கிற எடத்துலதான் அது வரும். எனக்கு அவ மேல உரிமை இல்லையா? ஆஸ்பத்திரியில..."

"இருக்கு மேடம். அதை நான் மறந்தா நாக்கு அழுகிடும். ஆனா நான் அவளை நீன்னா அவ என்னைத் திருப்பி நீன்னுதான் சொல்றா. நீங்க அவளை நீன்னா, அவ உங்களைத் திருப்பி நீன்னு கூப்பிட முடியுமா? ஒரு வழிப் பாதைக்குப் பேரு உரிமையா?"

மேடம் எழுந்து கதவருகே போய், எப்போதும்போல் குரலை மாடிக்கு அனுப்பினார். "ஏய், மூணாவது மாடி! இங்க வா!"

மூணாவது மாடி என்றால் அம்மாதான். தள்ளுவண்டியை வெளியே விட்டுவிட்டு, கையில் மடித்த துண்டுகளோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாலேயே என்னைக் கொன்றாள்.

"என்ன மேடம்? இவ ஏதாவது உளறினாளா? அதுக்கு வாய்தான் நீளம்..."

மேடம் தொண்டையைச் செருமினார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, பல்லில் கல் மாட்டியதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வாங்க... உள்ள வாங்கக்கா."

அம்மா சட்டென்று ஒதுங்கி நின்று, பின்னால் வருவது யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

கதவருகே யாரும் இல்லை. எனக்கு அந்த ஒரு நொடியை இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேடத்துக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உங்களைத்தான்கா," என்றார், குரலே இல்லாமல்.

"ஐயோ, வேணாம் மேடம்!" அம்மா துண்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் வாங்க போங்கன்னா நாளைக்கு எவ என்கூட உக்காந்து சாப்பிடுவா? 'வாங்க மகாராணி, எழுந்திருங்க மகாராணி'ன்னு நக்கல் பண்ணியே கொன்னுடுவாளுங்க. இத்தனை வருஷம் ஒண்ணா முதுகு ஒடிஞ்சவங்க. எனக்கு மட்டும் எதுக்கு?"

"எல்லாருக்கும்னா?" என்றேன்.

அம்மா அடுக்கில் மேலே இருந்த துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். நேராக இருந்ததையே மறுபடி நேராக்கினாள்.

"எல்லாருக்கும்னா..." என்றாள் துண்டைப் பார்த்தபடி. "நல்லாத்தான் இருக்கும்."

மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நடக்கிற கதையைப் பேசுங்கடி. ஒரு ஆளுன்னா நான் நாக்கைக் கட்டிப் பழகிக்கலாம். அத்தனை பேருக்கும் எப்படி? மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க. பலகையும் வீணாப் போகும், யாரும் படிச்சு நடக்க மாட்டாங்க."

"கூப்பிடுறது மாறினா பலகையையும் நமக்குன்னு படிப்பாங்க மேடம். ரெண்டும் ஒண்ணா மாறணும்."

"இன்னைக்கு அச்சு. கோடு போட்ட மாதிரியே அடிச்சுக் குடு. அக்கா விஷயத்தை நான் பார்த்துக்கிறேன், சத்தியமா."

"நான் அடிக்க மாட்டேன்."

"வேற யாருடி அடிப்பா?"

"ஆள் பார்த்துக்கோங்க மேடம்."

இதை அந்த அறையில் நின்று யோசித்து நான் சொல்லவில்லை. லினன் ரூம் சிரிப்பு காதில் இருக்க, சிவப்புக் கோடுகளைப் பார்த்தபோதே முடிவு செய்தது. கேட்டுப் பார்க்காமல் போகக் கூடாதே என்றுதான் வந்தேன்.

"கிறுக்கி!" அம்மா என் முழங்கைச் சதையைத் திருகினாள். "இந்த வேலைக்கு மேடம் எவ்வளவு அலைஞ்சாங்க தெரியுமா?"

"தெரியும்மா."

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"உங்கம்மா வேலைக்கு ஒண்ணும் வராது," என்றார். "அதுக்காகப் பயந்து நிக்காதே."

"அந்தப் பயம் எனக்கு இல்ல மேடம். உங்களைத் தெரியாதா எனக்கு?"

கோடு போட்ட புத்தகத்தை அவர் மேசைமேல் வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையில் இறங்கினேன். துடைப்பமும் வாளியுமாகச் சுவரோரம் நின்றிருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு, கேட்காததுபோல் வழி விட்டார்கள். பின்னாலேயே அம்மாவின் குரல் வந்தது.

"ஏய், நில்லுடி! எங்கடி போற?"

"நீ வேலையை முடிச்சிட்டு வா," என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னேன்.