கரட்டுக்குச் செய்த மரியாதை

அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் சும்மா இருப்பார்களா? புதரை வெட்டி, வழியின் இரு பக்கமும் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால்தான் மரியாதை. பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தப்பன் ஆளும் மெஷினும் வைத்து அந்த மரியாதையைத்தான் செய்து முடித்திருந்தார். கரட்டின் அடிவாரம் மொட்டையடித்த தலையாகக் கிடந்தது.

மாந்தோப்பு வழியாக ஏறி வந்த அவர் மனைவி முனிலட்சுமி அதைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அவங்க பாக்க வர்றதே இந்தப் புதரைத்தாங்க!"

கோவிந்தப்பன் பேந்தப் பேந்த விழித்தார். "ஆடுகூட வாய் வைக்காத கொடி. முள்ளோட சேத்து வாரிட்டோம், லட்சுமி."

ஆடு தொடாத அந்தக் கொடிதான் சிவப்பு உடம்புப் பட்டாம்பூச்சியின் புழுவுக்குச் சோறு. அருகிவரும் அந்தப் பூச்சிக்காகவே வருடக்கணக்கில் நாயாய் அலைந்து, கரட்டுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தாள் முனிலட்சுமி. இப்போது ஓசூர்க் கம்பெனி ஒன்று அங்கே கிடங்கு கட்டப் பார்க்கிறது. பூச்சியே இல்லை, உத்தரவை நீக்குங்கள் என்று மனுப் போட்டிருக்கிறது. அதை விசாரிக்கத்தான் இன்று வருகிறார்கள்.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. வெட்டிப்போட்ட குவியலுக்குள் கையை விட்டாள். முள் கிழித்தது. கிழிக்கட்டும். இலையடியில் புழுக்கள் நெளிந்த கொடிகளை உருவி முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

ஜீப் வந்து நின்றது. வனத்துறை ரேஞ்சர் சௌமியா இறங்கினார். கூடவே வந்த கம்பெனி வக்கீல் ஹரீஷ்குமாருக்குக் கரட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"கொடியும் இல்ல, பூச்சியும் இல்ல. அப்புறம் உத்தரவு எதுக்கு மேடம்?"

முனிலட்சுமி முந்தானையை விரித்தாள். "பூச்சி இருக்குதுங்க. வேரும் மண்ணுக்குள்ள இருக்குது, ஒரு மழைக்குத் துளுத்துக்கும்."

"ஊர்க்காரங்களே மதிக்காத உத்தரவும்மா இது," என்றார் வக்கீல்.

அது முனிலட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால் ஆழமாகவே தைத்தது.

"அப்ப மதிக்க வைங்க மேடம். இங்க செடி வெட்டுனா குத்தம்னு உத்தரவுலயே இருக்குது. கேஸ் எழுதுங்க."

"யார் மேலம்மா?" என்றார் சௌமியா.

முனிலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இன்றுவரை ஸ்டேஷன் வாசலை மிதிக்காத மனுஷன்.

"எங்க வூட்டுக்காரரு மேல."

கோவிந்தப்பனின் முகம் சுண்டிப்போனது. பிறகு சுண்ணாம்புக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கோவிந்தப்பன்னு எழுதிக்குங்கம்மா. வெட்டச் சொன்னது நான்தான்."

சௌமியா பேனாவைத் திறந்தார். வக்கீலின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"தலைவர் மேலயே கேஸா?" என்றார்.

"ஆமாங்க சார்," என்றார் கோவிந்தப்பன். "இன்னிக்கி என் மேல போட்டாத்தான், நாளைக்கு உங்க கம்பெனி மேலயும் போட முடியும்."