சூடு பார்க்கும் கால்

என் வீட்டுக்காரருக்கு வயரிங் வேலை. ஏணியிலிருந்து விழுந்த மறுநாள் வலது கால் இழுபட ஆரம்பித்தது. ஒத்தடத்துக்கு வாளியில் வெந்நீர் வைத்தேன். மனுஷன் சூடு பார்க்க, நன்றாக இருந்த இடது காலை விட்டார்.

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. இன்னும் ஊத்து."

ஊற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடது பாதம் முழுக்கக் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியால் குத்திப் பார்த்தார். அசையாத வலது காலில் குத்தியதும் இவர் முகம் சுளித்தார். அசைகிற இடது காலில் குத்தியது தெரியவேயில்லை. முதுகில் டிஸ்க் பிதுங்கி, தண்டுவடத்தை வலப்பக்கம் அழுத்துகிறதாம். நாளைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் நடை திரும்புவது சந்தேகம் என்றார்.

இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "இருபது வருஷமா ஒயரோட ரெண்டு முனையிலயும் லேபிள் ஒட்டுறவன் நான். மரத்துப்போனது இடது கால். இவங்க வலது பக்கம் அறுக்கப் போறாங்களாம். ஸ்கேன் படத்தைத் திருப்பி வெச்சுப் பாத்துட்டாங்க."

"ஆமா, ஊருக்கே நீங்க ஒருத்தர்தான் அறிவாளி. காலுக்கும் லேபிள் ஒட்டிக்கோங்க" என்றேன்.

டாக்டரம்மா படிவத்தின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டார். "அசையச் சொல்ற நரம்பு, மூளைக்குக் கீழயே பக்கம் மாறிடும். அப்புறம் வலது பக்கமாவே வலது காலுக்கு இறங்கும். வலியும் சூடும் கால்லருந்து மேல போறது. தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்சதுமே அது எதிர்ப்பக்கம் தாண்டிடும். உங்க இடது காலோட சூடு, வலது பக்கமாத்தான் மூளைக்குப் போகுது."

இவர் கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். "அப்போ ஒரே இடத்துல அமுங்கினா இந்தக் கால் நடக்காது, அந்தக் காலுக்குச் சுடாது."

"அதேதான்."

"மொதல்லயே வரைஞ்சு காட்டியிருக்கலாம்ல" என்று பேனாவை வாங்கினார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாதங்களில் நிஜமாகவே லேபிள் ஒட்டிக்கொண்டார். இடதில் 'நடக்க'. வலதில் 'சூடு பார்க்க'. இரண்டு மாதமாகக் கோலூன்றிக் குளியலறைக்குப் போவார், வலது பாதத்தை நனைப்பார், "விளாவு" என்பார். நான் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுவேன்.

இன்று காலை அடுப்படியில் என் பின்னால் வந்து நின்றார். "வலது கால் லேபிள் ஊறி விழுந்துடுச்சு. வேற ஒட்டு."

திரும்பினேன். கோல் குளியலறைக் கதவில் சாய்ந்திருந்தது. அதைச் சொன்னால் விழுந்துவிடுவாரோ என்று பயம். அவரை உட்காரவைத்து, புது லேபிளில் எழுதி வலது பாதத்தில் ஒட்டினேன்.

குனிந்து படித்தார். "நடக்கவா? மாத்தி எழுதிட்டியே."

அப்புறம்தான் கோலைத் தேடினார்.