விதைக்கு விட்ட தழை

அன்று ஏரிக்கரை மோட்டார் அறையில் இருந்தவர்கள்: இஞ்சினியரம்மா, கான்ட்ராக்டர், அவரிடம் தழை அறுக்கும் மெஷின் படகு ஓட்டும் மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளைக்குத் தங்கையைக் கொடுத்த மோட்டார்காரர். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வலையிலிருந்து வாரிப்போட்ட ஆகாயத்தாமரையையும் சேர்த்தால் ஐந்து. இடத்தை அதிகம் அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

இஞ்சினியரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"இந்த வருஷம் ஆறு தடவை வழிச்சாச்சு. பராமரிப்புப் பணம் முழுக்க இந்தத் தழைக்கே போயிடுச்சு. இனிமே அக்கரை மோட்டார் மட்டும்தான் ஓடும், இதை மூடச் சொல்லிட்டாங்க. போன மாசம்தானே சுத்தமா எடுத்தீங்க, மறுபடி எப்படி?"

"பன்னி குட்டி போடற மாதிரிப் போடுதும்மா," என்றார் கான்ட்ராக்டர். "அதுக்குக் குடும்பக் கட்டுப்பாடா பண்ண முடியும்?"



மோட்டார்காரர் பின் ஜன்னலைப் பார்த்தார். நாணல் மறைவில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தழை, கயிற்றில் கட்டிக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை அவ்வளவை விட்டுவைப்பார். விதைக்கு என்பார். முழுக்க எடுத்துவிட்டால் அடுத்த மாதம் அடுப்பில் பூனை தூங்கும். தங்கை வீட்டு அடுப்பாயிற்றே என்று கயிறு கொடுத்தவர் மோட்டார்காரர்தான். வலையில் சிக்கிய தழையை வாரி வாரி இடுப்பு ஒடிந்தவரும் அவர்தான். சொந்தக் காசில் சூனியம்.

"இருபத்திரண்டு வருஷமா இங்கேயே கிடக்கறீங்க, நீங்க சொல்லுங்க," என்றார் இஞ்சினியரம்மா. "எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா மேல எழுதறேன். மெஷின் நின்னா உங்க வேலையாவது தப்பிக்கும்."

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. செருப்பில் ஒட்டியிருந்த வேரைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மோட்டார்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணில மிதந்து வருதும்மா. எனக்கென்ன தெரியும்?"

"சரி," என்றார் இஞ்சினியரம்மா. "இந்த ரூம் சாவியை உங்க மாப்பிள்ளைகிட்டயே குடுத்துடுங்க. மெஷின் டீசல் வைக்க இடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மற்ற இருவரும் ஜீப்புக்குப் போனார்கள். மோட்டார்காரர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தார்.

"அந்தக் கயிறு இத்துப்போச்சு மாப்ளே. மாத்திடுங்க."

நாலு அடி வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டு இரண்டு முறை சிக்கியது. கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். அவர் சொல்லித்தரத் திரும்பவில்லை. மூன்றாம் முறை தானே பூட்டிக்கொண்டது.