அக்கா சாப்பிட்டாள், சரி என்றாள்

எனக்கு வாய் ஜாஸ்தி. தையல் கடைக்கு வருகிறவர்களிடம், "இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது, வேற துணி கொண்டு வாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன். முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்கள் மறு வாரம் வேறு துணியோடு வந்து நிற்பார்கள். இப்படிப்பட்ட நான் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்யைத்தான் விடாமல் சொன்னேன். அதையும் சொல்லவே கூடாத ஆளிடம் போய்ச் சொன்னேன்.

என் தங்கை தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிதான். செய்கிற பண்டத்துக்கெல்லாம் பெயர் வைப்பாள். காய்ச்சல்காரக் கஞ்சி, அழுமூஞ்சி சூப், மாமியார் ஊருக்குப் போன நாள் கேக். மாவைத் தட்டி, உலர்ந்த திராட்சையால் கண் வைத்து, கரடி பிஸ்கட் சுடுவாள். அதில் ஒரு கரடி மட்டும் புருவத்தை நெரித்துக்கொண்டிருக்கும். "இது நீ. முறைக்குது பாரு" என்று என் தட்டில் போடுவாள்.

அளவுக் கரண்டி என்ற பொருளே அந்த வீட்டில் கிடையாது. கொஞ்சம் போடுவாள், நக்கிப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் போடுவாள். அவளுக்கு நாக்குதான் எல்லாம்.

அந்த நாக்கு செத்துப்போனது. நோயால் இல்லை, நோய்க்காக ஏற்றிய மருந்தால். சர்க்கரையை வாயில் போட்டாலும் மணல் மாதிரி இருக்கிறது என்றாள். விரல் நுனிகளும் மரத்துவிட்டன. உப்பைக் கிள்ளி எடுத்தால் எவ்வளவு வந்தது என்று தெரியாது. "போகப் போகத் திரும்பி வரும்" என்றார் டாக்டர். நாங்களும் நம்பினோம்.

மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுந்து, நான் தைத்துக் கொடுத்த துணித் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, காய்ச்சல்காரக் கஞ்சி வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் நானும் அவள் கணவரும். பஸ் ஓட்டுகிறவர், சாது. கிண்ணங்களை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. இவர் நான் எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவார். நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட."

ஒரு வாய் வைத்தேன். உப்பு ஜாடியைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கன்னத்தில் கஞ்சித் துளி ஒட்டியிருந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த முகத்தில் உயிர் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"சரியா இருக்குடி" என்றேன்.

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். பாவம் மனுஷன், இரண்டு கிண்ணம் குடித்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளே அவள் அளவுக் கரண்டி வாங்கி வரச் சொன்னாள், ஒரு கோடு போட்ட நோட்டும். மகள் சிட்டு வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ கடைச் சாப்பாட்டையே தின்னு கெடக்கக் கூடாது. எல்லாத்தையும் எழுதி வச்சிடறேன். என் நாக்குதான் போச்சு, உன் நாக்கு இருக்குல்ல?"

தெம்பு இருக்கிற நாட்களில் ஒரு பண்டம் செய்வாள். கையால் எடுப்பாள், கரண்டியில் கொட்டி எண்ணுவாள், செய்து என் முன்னால் வைப்பாள். நான் சரி என்றதும் எழுதுவாள். கேக் வாயில் ஒட்டிக்கொண்டு திகட்டும். சூப் தொண்டையைக் கீறும். நான் வாய் கூசாமல் சரி என்பேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, கோணல் எழுத்தில், "அக்கா சாப்பிட்டாள், சரி என்றாள்" என்று எழுதி ஒரு கோடு இழுப்பாள். மொத்தம் இருபத்து மூன்று பக்கம்.

ஒருமுறை பாத்திரம் கழுவும் இடத்தில் மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "அக்கா, சொல்லிடலாமா? சிட்டுக்காக எழுதுறா."

"நாக்கு திரும்பி வந்ததும் அவளே திருத்திக்குவா. நீங்க வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க தம்பி" என்று சீறினேன்.

சிட்டு விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் நான் தங்கையை அடுப்புப் பக்கமே விடவில்லை. "புள்ள வந்திருக்கா, பக்கத்துல உக்காந்து பேசு" என்று நானே சமைத்தேன். நாக்கு போனதைத் தங்கையும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

நாக்கு திரும்பி வரவில்லை. தங்கைதான் போய்விட்டாள். எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது சிட்டு நோட்டைத் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

முதலில் கேக்குக்காகப் போன் செய்தாள். "பெரியம்மா, எழுதினபடிதான் போட்டேன். இனிப்பு தாங்கல."

"ஊருக்கு ஊர் சர்க்கரை மாறும்டி" என்றேன்.

பிறகு சூப்புக்கு. "உப்பு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி" என்றேன். பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனேன். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்திருந்தது.

"கரடி பிஸ்கட் ஒன்பது தடவை சுட்டுட்டேன். வாயில வைக்க முடியல. கீழேயே எழுதியிருக்கே, நீங்க சாப்பிட்டுச் சரின்னு சொன்னீங்கன்னு. அப்போ தப்பு என்மேலதான். அம்மா கை எனக்கு வரல. இனிமே செய்யப்போறதில்ல, நோட்டை அனுப்பிடறேன். நீங்களே வச்சுக்கோங்க."

கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

அறை சின்னது. ஜன்னலோரம் ஒற்றை அடுப்பு, பக்கத்தில் நோட்டு, அதன் அட்டை முழுக்க மாவு. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் உதவவில்லை. உட்காராமலே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ருசி தெரியாது என்பதை, அவள் என் நாக்கை நம்பியதை, நான் இருபத்து மூன்று தடவையும் பொய் சொன்னதை.

சிட்டு கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"சரி, போகட்டும். நிஜமான அளவைச் சொல்லுங்க, மாத்தி எழுதிக்கறேன்."

"தெரியாதுடி."

"இத்தனை வருஷமா சாப்பிட்டீங்களே?"

"சாப்பிட்டேன். அவ்வளவுதான். அவளுக்கே அளவு தெரியாது. நக்கி நக்கிப் பார்த்துத்தான் போடுவா."

பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு தடவை உப்பு ஜாஸ்தின்னு சொல்லியிருந்தீங்கன்னா, அம்மா குறைச்சிருப்பா. மறுபடி கேட்டிருப்பா. மறுபடி குறைச்சிருப்பா. சரியா வர்ற வரைக்கும் விட்டிருக்கவே மாட்டா. எனக்கு எல்லாமே கிடைச்சிருக்கும் பெரியம்மா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தங்கையின் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் மகளுக்காக விட்டுப்போக நினைத்ததை நானே பாழாக்கியிருந்தேன்.

சிட்டு எழுந்து அரிசியைக் களைந்தாள். காய்ச்சல்காரக் கஞ்சி. நோட்டில் இருந்தபடியே ஐந்து கரண்டி உப்பு போட்டாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நின்றபடியே ஒரு வாய் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அம்மா எனக்காகச் செஞ்சது இதுதானே. நல்லாருக்கு."

கிண்ணத்தைப் பிடுங்கி நானும் ஒரு வாய் வைத்தேன். "நல்லால்ல. ஒரே உப்பு. வாயில வைக்க முடியல" என்றேன். அந்த மேஜையில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

சிட்டு பாதிக் கஞ்சியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இன்னொரு பிடி அரிசி போட்டு வேகவிட்டாள். "இப்போ?"

"இன்னும் உப்புதான்."

மறுபடி கொட்டினாள், ஊற்றினாள், கிளறினாள். "இப்போ?"

நான்காவது தடவை உப்பு சரியாக இருந்தது. சரி என்றேன். கரண்டியும் கையுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான் பார்ப்பாள்.

"அம்மா வைக்கிற மாதிரி இருக்கா, பெரியம்மா?"

ஆமாம் என்ற வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்தது.

"இல்லடி" என்றேன்.