பெயர் வாசிக்கப்படாத சாருகா

என் பேத்தி சாருகா ஆறடி உயரம். ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் சிநேகிதி கமலாதேவி, "இவளுக்கு வாற மாப்பிள்ளை ஏணியோடை எல்லோ வரவேணும்!" என்பாள். சாருகா விடுவாளா? "ஏணியை நான் குடுக்கிறன் அன்ரி, ஆளை மட்டும் கொண்டுவாங்கோ."

கூடைப்பந்துக்காக அமெரிக்கக் கல்லூரி ஒன்று கூப்பிட்டு அவளை நான்கு வருடம் படிப்பித்தது. அங்கே தொழில்முறை அணிகள் வருடத்தில் ஒருநாள் பெயர் வாசித்துப் புது ஆட்களை எடுக்குமாம். ட்ராஃப்ட் என்று பெயர். கடைசிவரை இவள் பெயர் வரவில்லை. நாங்கள்தான் அழுதோம். அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, மறுநாளே பந்தோடு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டாள். மூன்று மாதம், மழையிலும்தான்.

ஓகஸ்டில் சுவீடனின் தொழில்முறைக் கழகம் ஒன்று, ஒரேயொரு ஆளை எடுக்க ஒஸ்லோவில் இரண்டு நாள் தேர்வு வைத்தது. இதுவும் சரிவராவிட்டால் விளையாட்டை விட்டுவிட்டு வேலை தேடுவதாகச் சாருகா சொல்லியிருந்தாள். துணைக்கு நானும் போனேன். முதல்நாள் பின்னேரம் பயிற்சியாளர் மறுநாள் வரவேண்டிய பத்துப்பேரின் பெயரை வாசித்தார். சாருகா அதில் இல்லை.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிடலாமா? அந்தப் பயிற்சியாளர் மனுஷியின் கையைப் பிடித்து, 'போயிட்டு வாறம்' என்பதை எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன்: "வி கோர் ஒ கொம்மர்." அவர் முழித்தார். பிறகு சிரித்து, "சரி, ஒன்பது மணிக்கு" என்றார்.

வெளியே வந்ததும் சாருகா தலையில் கைவைத்தாள்.

"ஐயோ அம்மம்மா! திரும்பி வருவம் எண்டெல்லோ சொல்லிப்போட்டியள்!"

"பின்னை, போறம் எண்டே சொல்லுறது?"

"அவ இப்ப நான் நாளைக்கு வருவன் எண்டு நினைக்கிறா."

"நீ வராமல் விடு பிள்ளை. ஆர் கேக்கப்போகினம்?"

ரயில் வரும்வரை அவள் மேடையில் அங்குமிங்கும் நடந்தாள். ஏறி இருந்த பிறகுதான், "இல்லை, வாறன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வாறன்" என்றாள்.

மறுநாள் எல்லாருக்கும் முதல் போய் நின்றாள். பெயர் வாசித்த பத்துப்பேரும் ஓட, இவள் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தாள். உருண்டுவந்த பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டு மணித்தியாலம். எனக்கென்றால் நெஞ்சு வெடித்திருக்கும்.

பிறகு ஒருத்திக்குக் கால் பிரண்டது. ஒரு பக்கம் நாலுபேர்தான். பயிற்சியாளர் சுற்றிப் பார்த்து, "நீ இறங்கு" என்றார்.

அவள் பெரிதாகக் கூடை போட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முதல்நாள் எல்லாரையும் உலுப்பிய அந்த உயரமான பெட்டையை, இவள் பந்து தொடவே விடவில்லை. வெளியே போன பந்துக்குப் பாய்ந்து, முழங்கை உரசி இரத்தம் வர, எழும்பி மறுபடி ஓடினாள்.

மத்தியானம் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். "ஒரு வருட ஒப்பந்தம். நேற்று நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றார்.

நான் கண்ணைத் துடைத்தேன்.

"அம்மம்மா, அழாதேங்கோ, ஆக்கள் பாக்கினம். நீங்கள் முதல் வீட்டை போங்கோ."

"நீ?"

"கூடைக்கு எறிஞ்சதிலை ரெண்டைத் தவறவிட்டிட்டன். அதை இப்பவே எறிஞ்சு பழகவேணும்."

முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெறுமையான மண்டபத்துக்குள் பந்தைத் தட்டியபடி போனாள்.