ஆக்லாந்து மாப்பிள்ளையின் முகூர்த்தம்

உத்தமபாளையம் மண்டபத்தில் அன்று மணவறையருகே இருந்தவர்கள்: ராக்கப்பனாகிய நான், என் தம்பி மகள் சந்தனம்மாள், மணப்பெண் கயல், அவள் தகப்பனார் நாகராஜ், தாய்மாமன் வைகுண்டராஜ். மாப்பிள்ளை விஜயபாண்டி இல்லை. அவன் சந்தனம்மாளின் தம்பி. என் தம்பி காலமான பிறகு அவர்களுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்பவன் நான்.

ஆக்லாந்தில் வேலை பார்ப்பவனுக்கு லீவு கொஞ்சம்தான். நாள் குறிக்கும்போது போனில் பார்த்தேன். ஆக்லாந்திலிருந்து மதுரை பதினோராயிரம் கிலோமீட்டர், விமானத்தில் பதினாலு மணி நேரம் என்று இருந்தது. அதை நம்பி, முகூர்த்தத்துக்கு வந்துவிடுவான் என்று நாகராஜுக்கு வாக்குக் கொடுத்தேன். அது வானத்தில் நேர்கோடு போட்ட கணக்கு. அப்படி நேராக வரும் விமானமே கிடையாது. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இறங்கிக் காத்துக் கிடந்துதான் மாறி ஏற வேண்டும். இதை விஜயபாண்டி சொல்லிப் பார்த்தான். கொடுத்த வாக்கை நான் மாற்றவில்லை.

ஒன்பதரைக்கு முகூர்த்தம் முடிகிறது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அவன் போன் அணைந்து கிடந்தது. சிங்கப்பூரில் ஏறும்போது கயலுக்கு அனுப்பிய ஒரு வரிதான் கடைசி.

"என்னண்ணே, மாப்பிள்ளை கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போயிட்டாகளா?" என்றான் வைகுண்டராஜ்.

"ஏலே, நாக்கை அடக்கு. பிளேன் என்ன காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸா, கையக் காட்டி நிறுத்த?" என்றேன்.

நாகராஜ் சிரிக்கவில்லை. "மச்சான், முகூர்த்தம் தப்புனா எம் மகளைக் கூட்டிட்டுக் கெளம்பிருவேன்."

சந்தனம்மாளை மணவறையில் ஏறச் சொன்னேன். எங்கள் இரு வீட்டு வழக்கத்திலும் தாலி கட்டுவது மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள். என் மனைவிக்கு என் அக்காள் கட்டியபோது நான் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோக்காரர்கள் வந்த பிறகுதான் மாப்பிள்ளைகளே கட்ட ஆரம்பித்தார்கள்.

"பெரியப்பா, தம்பி இல்லாமலா?" என்றாள் சந்தனம்மாள்.

"கட்டு."

நாகராஜ் குறுக்கே வந்து நின்றார். "கட்டுன பெறகு அவன் வரலேன்னா? எம் மக எங்கன போவா?"

முன்பு கொடுத்த வாக்குக்கே அப்போது சோதனை வந்திருந்தது. இன்னொரு வாக்கைக் கொடுத்து அவரைச் சமாதானம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாத்தியக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

கயல் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, அம்மாவுக்கு நீங்களா தாலி கட்டுனீக?"

அன்று கட்டியவள் நாகராஜின் தங்கை. அந்த அம்மாள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாகுது. கட்டுங்க மதினி," என்றாள் கயல்.

நாகராஜ் விலகி நின்றார். சந்தனம்மாள் மூன்று முடிச்சும் போட்டாள். அட்சதை விழுந்தது.

மண்டபத்தைக் காலி செய்துகொண்டிருந்தபோது கசங்கிய சட்டையோடு விஜயபாண்டி காரிலிருந்து இறங்கினான். கயல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. பாயசம் தீந்துபோச்சு."

மாப்பிள்ளை பெண்ணைப் பிடிக்காமல் ஒளிந்துகொண்டதாகவும், மானத்துக்குப் பயந்து அக்காளை வைத்துத் தாலி கட்டியதாகவும் பக்கத்து ஊரான மார்க்கையன்கோட்டையில் பேசுகிறார்கள். பொய். அவன் விமானத்தில் இருந்தான். தாலியை முறைப்படி நாத்தனார் கட்டினாள்.