ஓரகத்திகளின் சுகர்

எங்கள் தெருவில் பொறாமைப்படப் பொருளுக்குக் குறைவில்லை. மாடி எடுத்த வீடு இருக்கிறது. வாசலில் நிற்கும் புது ஸ்கூட்டி இருக்கிறது. ஆனால் ஒருத்திக்கு வந்த வியாதியைப் பார்த்து இன்னொருத்தி வயிறெரிந்ததை நான் போன வருஷம்தான் பார்த்தேன்.

எதிர்வீடு ராக்கையாவும் அவர் தம்பி அம்மாவாசியும் சேர்ந்து இருந்த வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவர் ஆள் உயரத்துக்கு வந்ததும், மேல் வரிசைகளுக்கு எந்தப் பக்கம் செங்கல் வாங்குவது என்று அண்ணன் பெண்டாட்டி சண்முகத்தாய்க்கும் தம்பி பெண்டாட்டி கருத்தம்மாளுக்கும் தகராறு. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனவர் போனவர்தான். சுவர் இன்றுவரை கூரையைத் தொடவில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு ஆயுசு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்கும்.

சண்முகத்தாய் கொலுசு எடுத்தால் கருத்தம்மாள் தோடு எடுப்பாள். கருத்தம்மாள் வாசலில் டைல்ஸ் ஒட்டினால் சண்முகத்தாய் கிரானைட்டுக்கு அளவெடுக்கச் சொல்வாள். சுகர் மட்டும் ரெண்டு பேருக்கும் சமமாக வந்திருந்தது. அதிலும் சண்முகத்தாய்க்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது என்பதை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் அபிதா வந்தாள். எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண். அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறும் ஜீப் ஓட்டுகிறார். அவள் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் மூன்றாம் வருஷம். முந்தின வருஷம் ஒரு பேப்பர் விழுந்து, மறுபடி எழுதித்தான் தேறினாள். கல்லூரியில் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுவைத்து, இனி எதிலும் சறுக்கக் கூடாது, இந்த வருஷம் கிராமத்தில் செய்கிற வேலையில் இன்டர்னல் மார்க் தேறாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விட மாட்டோம், ஒரு வருஷம் பின்தங்கி ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்களாம். அபிதாவின் அம்மா ஜோதிலட்சுமி இதை என்னிடம் சொல்லி, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் மதினி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன்னாலேயே அவள் நாலு வீட்டில் கையைப் பிடித்திருந்தாள்.

அந்தக் கிராமத்து வேலை என்னவென்றால், ஆளுக்கு ஒரு குடும்பம். நாள்பட்ட வியாதி உள்ள ஒரு வீட்டைப் பிடித்து, வாராவாரம் பையோடு போய், பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, என்ன சாப்பிட வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசியில் கல்லூரி மேடம் வந்து பார்ப்பார். அந்தக் குடும்பம் தேறியிருந்தால் பிள்ளையும் தேறும். அந்த வருஷம் கல்லூரி பஸ் எங்கள் ஊருக்கே வந்ததால் எங்கள் தெரு அபிதாவுக்கு விழுந்தது.

என் வீட்டுக்கும் வந்தாள். எனக்குப் பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஒரு மூட்டுவலியையாவது சொல்லியிருக்கலாமோ என்று எனக்கு ரெண்டு நாள் மனசு ஆறவில்லை.

அவள் போய் நின்றது கருத்தம்மாள் வாசலில். சண்முகத்தாய் வாசலைத் தாண்டித்தான் போனாள். அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வீரபாண்டித் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில், பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "என்னத்தா, இந்தத் தடவையாச்சும் பாஸா?" என்று கேட்டவள் சண்முகத்தாய். ஜவ்வுமிட்டாய் வாங்க நீட்டிய கையை அபிதா அப்படியே இழுத்துக்கொண்டாள்.

கருத்தம்மாளுக்கு வந்த யோகத்தைப் பார்க்க வேண்டுமே. அபிதா வரும் நாளில் நாற்காலியை வீட்டுக்குள் போடாமல் வாசலில் போடுவாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொள்வாள். பால்காரரிடம்கூட, "நம்ம நர்ஸு வர்ற நாளு, வெரசா ஊத்துங்க" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். தானாக விழுகிற சத்தம் அல்ல.

சண்முகத்தாய் முதலில் நேர்வழியில்தான் போனாள். ஒரு நாள் காலையில் மூன்று அதிரசத்தைத் தின்றுவிட்டு, தெருவில் போன அபிதாவை மறித்துக் கையை நீட்டினாள். மெஷின் முந்நூறைத் தாண்டியது. கருத்தம்மாளுக்கு அன்றைக்கு இருநூற்றுப் பத்துதான். சண்முகத்தாய் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? அவளுக்கு எனக்குப் பாதிகூட இல்ல. மூத்தவ நான் இருக்க, சீக்கு முத்துனவ நான் இருக்க, நீ யாரு வீட்டுக்குப் போற?"

ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம்தான் பெரியம்மா, மேடம் மாற்ற விட மாட்டாக என்று அபிதா சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு சுகரை வைத்துக்கொண்டு அதிரசம் தின்னக் கூடாது என்றும் சொல்லி, அந்த எண்ணைத் தன் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போனாள். சண்முகத்தாய் அன்றைக்கு முழுக்க வாசலில் கோலத்தைக்கூட மிதித்துக்கொண்டே நடந்தாள்.

அதற்கு அப்புறம்தான் அவள் போக்கு மாறியது. அபிதா அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நாளிலெல்லாம் இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பாத்திரமும் விழாது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால், சண்முகத்தாய் சுவரோடு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். முறத்தில் ஒன்றும் இருக்காது. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டு என்று அங்கே சொன்னால், இங்கே மறுநாள் புடலங்காய் வெந்தது. செருப்பில்லாமல் நடக்காதே, ராத்திரி படுக்கப் போகுமுன் விரலிடுக்கைப் பார் என்று அங்கே சொன்னால், இவள் கொல்லைக்குக்கூடச் செருப்போடு போனாள். சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை இவள் அதுவரைக்கும் நினைத்தால் போடுவாள்; இப்போது மணியடித்த மாதிரி போட்டாள். விடியற்காலையில் வாய்க்கால் கரையில் விறுவிறுவென்று நடந்தாள். யாராவது கேட்டால் மாட்டுக்குப் புல் பார்க்கப் போவதாகச் சொல்வாள். மாட்டை விற்று நாலு வருஷமாகிறது.

கருத்தம்மாளோ, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். நடை தெருமுனைப் பூக்கடை வரைக்கும். அங்கே உட்கார்ந்து ரெண்டு முழம் பேச்சு. அவர்களுக்கு ஊருக்கு மேற்கே திராட்சைப் பந்தல் இருக்கிறது. பழம் பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழத்தை வாயில் போட்டால் போதாதா? இவள் ஒரு கொத்தைப் பார்ப்பாள். அபிதா கேட்டால், "பழந்தான, தின்னா ஆகாதுங்கிறியே, சீனியா திங்கிறேன்?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளுவாள். அபிதா கெஞ்சினாள், கோபித்தாள், ஒரு நாள் பந்தலுக்கே போய்க் கொத்தைப் பிடுங்கினாள். நர்ஸ் தன்னைத் தேடித் தோட்டம் வரைக்கும் வந்ததைத்தான் கருத்தம்மாள் ஊருக்குச் சொன்னாள்.

மேடம் வரும் நாள் வந்தது. கிருபாவதி மேடம் தேனிக்காரர், கஞ்சி போட்ட புடவை, சிரிப்புக்கு அதிகம் செலவு செய்யாத முகம். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஜோதிலட்சுமி எதிரே என் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருத்தம்மாள் பட்டுப்புடவையில் கையை நீட்டினாள். மெஷின் இருநூற்று அறுபது காட்டியது.

மேடம் அபிதாவைப் பார்த்தார். முதல் நாளைவிட ஏறியிருக்கிறதே, இத்தனை வாரம் என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டார். அபிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கருத்தம்மாள்தான் முந்திக்கொண்டு, மெஷினில் ஏதோ கோளாறு என்றாள்.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு," என்றது சுவர்.

அடுத்த நிமிஷம் சண்முகத்தாய் அந்த வாசலில் நின்றாள். பாகம் பிரித்த பிறகு அவள் அந்தப் படியை மிதித்தது அன்றைக்குத்தான். யாரும் கேட்காமலே விரலை நீட்டினாள். நூற்று முப்பது.

மேடம் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். அதே எண். அபிதா தன் நோட்டைப் புரட்டி ஓரத்தில் இருந்த முந்நூறைக் காட்டினாள். மேடம் சண்முகத்தாயின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார், சாப்பாட்டைக் கேட்டார், மாத்திரையைக் கேட்டார். அவள் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"இந்தப் பிள்ளதான். எங்கிட்டச் சொல்லல. சுவத்துக்கிட்டச் சொல்லுச்சு. நான் கேட்டுக்கிட்டேன்."

மேடம் நோட்டை மூடிக் கொடுத்தார். பிறகு, அது சந்தோஷம்தான், ஆனால் மார்க் போடுவது ஒதுக்கிய குடும்பத்துக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரர் தேறியதற்குப் போட முடியாது என்றார். ஜோதிலட்சுமி தூணை விட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். மேடம் எழுந்திருக்கப் போனவர், சுவரையும் அதன் மேலே ஒரே கூரையையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா? எங்க கணக்குல ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க ஒரே குடும்பம். அடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

ரெண்டு அடுப்பு என்பது எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும். எங்கே எலும்பு கிடைக்குமென்று அது தனித்தனியாகப் போய்ப் பார்க்கும். சண்முகத்தாய் உதட்டை இறுக்கிக்கொண்டாள். புடலங்காய் தின்று, வாய்க்கால் கரையில் நடந்து, அவள் இறக்கிய சுகர் கருத்தம்மாள் வீட்டுக் கணக்கில் போய் விழுவதா?

கருத்தம்மாளின் முகத்தில் ஓடிய கணக்கும் எனக்குப் புரிந்தது. ஆமென்றால் பெருமை மூத்தவளுக்குப் போகும். இல்லையென்றால் அபிதா ஜூனியர்களோடு உட்காருவாள். கருத்தம்மாள் தின்ன திராட்சையில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு என்று அவள் சாகும்வரை தெரு சொல்லும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளாக இருக்கும்.

"ஒரே அடுப்புத்தான் மேடம்," என்றாள் கருத்தம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அக்கா பொங்குறதத்தான் நான் திங்கிறேன்."

சண்முகத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தையை அவள் பாகம் பிரித்த நாளிலிருந்து கேட்கக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஆமா. ஒண்ணுதான்," என்றாள். கொஞ்சம் மூச்சு விட்டு, "ஆனா மூத்தவ நான். எம்பேர மேல எழுதச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. அது அடங்குமுன் இந்தப் பக்கத்துக் குக்கர் பதில் விசில் அடித்தது. மேடம் ரெண்டு பக்கமும் பார்த்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான், அதுவும் பாதி.

"சரி. குடும்பத்துல ஒருத்தர் தேறிட்டாங்க, ஒருத்தர் தேறல. அபிதா, உன் மார்க்க நிறுத்தி வைக்கிறேன். மூணு வாரம் கழிச்சு வருவேன். அந்த ஒரே அடுப்புல எனக்கும் சேத்துச் சமைங்க."

அந்த மூன்று வாரத்தை நாங்கள் கண்ணிமைக்காமல் பார்த்தோம். சண்முகத்தாய் அடுப்பில் சமையல். சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டாள். ரெண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினால் காயைப் போட்டாள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தப் பக்கம் பேசினால் வம்பு வருமென்று தெரியாமல் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். விடியற்காலை நடையிலும் ரெண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். சேர்ந்து என்றா சொன்னேன்? சண்முகத்தாய் முன்னால் போவதைக் கருத்தம்மாளால் பொறுக்க முடியவில்லை. எட்டி நடந்து முந்துவாள். இவள் விடுவாளா? கரையில் குளிக்க வந்தவர்கள் ரெண்டு பொம்பளைகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரையோ துரத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். திராட்சைப் பந்தலுக்குக் கருத்தம்மாள் போனால் பின்னாலேயே சண்முகத்தாயும் போய் நின்றாள்.

மேடம் வந்தபோது கருத்தம்மாளுக்கு நூற்று ஐம்பது. கீரைக் குழம்பு நன்றாயிருக்கிறது என்று மேடம் சொன்னதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், "நான் வச்சது" என்றார்கள். அபிதா அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தாள்.

மேடம் ஏறிய பஸ் தெருமுனை திரும்புவதற்குள் கருத்தம்மாள் தன் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரின் தன் பக்கத்துக்கே திரும்பிவிட்டாள். சுகர் எப்படி எறங்குச்சு என்று பூக்கடையில் கேட்டதற்கு, "எங்க அக்கா சமைச்சதத் தின்னா சுகர் எறங்காம என்ன செய்யும்? உசுரே எறங்குது" என்றாளாம். அது சண்முகத்தாய் காதுக்குப் போனது. நான் சொல்லவில்லை, நான் போகுமுன்னே தெரிந்திருந்தது.

அபிதா பரீட்சை எழுதினாள். தன்னோடு சேர்ந்த பிள்ளைகளோடேயே நாலாம் வருஷத்துக்குப் போனாள். முடிவு வந்த அன்று லட்டுப் பொட்டலத்தோடு தெருவில் வந்தாள். இடது வாசலில் சண்முகத்தாய். வலது வாசலில் கருத்தம்மாள். யார் கையில் முதலில் கொடுப்பாள் என்று ரெண்டு பேரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அபிதா நடுத்தெருவில் நின்றாள். பொட்டலத்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, கொடுக்கத்தான் முடியுமா? அப்படியே திரும்பி என் வாசலுக்கு வந்து, முழுப் பொட்டலத்தையும் என் கையில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் அத்தை ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிடுங்க."

ரெண்டு வாசலிலிருந்தும் நாலு கண் என்னை எரித்தது. நான் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று ஒரு லட்டைத் தின்றேன். மெதுவாகத்தான்.